பொத்துவில் மணற்குன்றை நீர்வர்ணத்தில் தீட்டுவது எப்படி

பாலைநில ஓவியங்களால் ஈர்க்கப்பட்டு வரைய வருகிற நம் கிழக்கிலங்கை மாணவர்களின் தூரிகை பெரும்பாலும் முதலில் சிவப்பு வர்ணத்தையே தொடுகிறது. அந்தச் சிவப்பு எல்லாப் பாலைகளுக்கும் உரியதன்று. மத்திய அவுஸ்திரேலியாவில் மணற்பருக்கைகளின் மேல் இரும்பு ஒக்சைட்டு மெல்லிய படலமாகப் படிந்திருப்பதால் அங்குள்ள மண் அவ்வாறு சிவந்திருக்கிறது. பொத்துவில் மணலோ வெளிறியது. அதைச் சிவப்பாகத் தீட்டினால் அது அவுஸ்திரேலியாவும் ஆகாது, பொத்துவிலும் ஆகாது. பாலைநில ஓவியரிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அவருடைய நிறங்களை அல்ல, ஓரிடத்தையே திரும்பத் திரும்பப் பார்க்கும் பழக்கத்தை.

இதற்கு அல்பர்ட் நமட்ஜிராவை விடச் சிறந்த ஆசிரியரை நான் அறியேன். 1902 இல் பிறந்த, மத்திய அவுஸ்திரேலியாவின் முதுகுடிகளான அரண்டா இனத்தைச் சேர்ந்த இந்த ஓவியர், 1936 இல் ரெக்ஸ் பற்றர்பீ என்னும் ஓவியருக்கு வழிகாட்டியாகவும் ஒட்டகம் நடத்துபவராகவும் சென்று, அந்தப் பயணத்திலேயே நீர்வர்ணம் பழகி, இரண்டு ஆண்டுகளுக்குள் மெல்பேணில் தனிக் கண்காட்சி வைத்தார். தூரிகை பிடிக்கப் பழகுவதற்கு முன்னரே அந்த மலைகளும் மரங்களும் அவருக்கு அத்துபடியாக இருந்தன.

ஆகவே முதல் நாள் வர்ணப்பெட்டியை வீட்டில் விட்டுவிட்டு, பென்சிலும் சிறு கொப்பியும் மட்டும் கொண்டு செல்லுங்கள். கண்ணைப் பாதி மூடிக்கொண்டு, வெளிச்சம், இடைநிழல், கருநிழல் என்னும் மூன்றையும் மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். உலர்ந்த மணல் ஏறத்தாழ 33 பாகைச் சரிவுக்கு மேல் நிற்காமல் வழிந்துவிடும் என்பதால், காற்றொதுக்கான பக்கம் செங்குத்துச் சுவராக ஒருபோதும் இராது. பலர் அதை மலைபோல நிமிர்த்தி வரைவதால்தான் படத்தில் மணல் பாறையாகத் தெரிகிறது.

கச்சான் காற்று வீசும் மே முதல் செப்டெம்பர் வரையான வறண்ட மாதங்களே இந்த வேலைக்கு ஏற்றவை. ஆனால் அதே காற்றுத்தான் நீர்வர்ணத்தின் பகையுமாகும். வெயில் ஏறிய பின் பூசினால், ஒரு பூச்சு பரவி முடிவதற்குள் ஓரம் காய்ந்து கோடு விழுந்துவிடும். காலை ஆறு மணிக்குத் தொடங்கி எட்டரைக்குள் முடித்துவிடுவது நல்லது. 300 கிராம் தடிப்புள்ள கடதாசியைப் பலகையில் நாற்புறமும் ஒட்டி, வானத்துக்குரிய பகுதியை முதலில் வெறும் நீரால் நனைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்க ஓவியர் ஜோர்ஜியா ஓகீஃப் நியூ மெக்சிக்கோ வெயிலில் தம் ஃபோர்ட் காரின் முன் இருக்கையைத் திருப்பி வைத்து, உள்ளிருந்தே தீட்டினார். நமக்கு ஓட்டோவின் பின் இருக்கையோ, கேட்டுப் பெற்ற மீன்வாடி நிழலோ போதும்.

மிகப் பிரகாசமான மணலுக்கு வர்ணமே வேண்டாம். கடதாசியின் வெண்மையை அப்படியே விட்டுவிடுங்கள். அதை அடுத்த பகுதிக்கு மஞ்சள் காவியை நீர்த்துப் பூசுங்கள். நிழலில்தான் படம் உயிர்பெறும் அல்லது சாகும். கறுப்பு வர்ணத்தால் நிழலிட வேண்டாம் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். சூரியன் மறைக்கப்பட்ட இடத்தில் மணலுக்கு ஒளி தருவது நீல வானமாகையால், மேல்நோக்கிய நிழல் நீலஞ் சார்ந்திருக்கும். வெயில்பட்ட மணலுக்கு எதிரே சரிந்திருக்கும் நிழலில் அங்கிருந்து தெறிக்கும் ஒளி இளஞ்சூட்டைச் சேர்க்கும். அல்ட்ராமரீன் நீலத்தோடு பேர்ன்ட் சியன்னா என்னும் செம்பழுப்பைக் கலந்து, முதல் நிழலுக்கு நீலத்தையும் இரண்டாவதற்குச் சியன்னாவையும் சற்றுக் கூட்டினால் இரண்டும் கிடைத்துவிடும்.

தூரத்தைத் தீட்டும்போது பாலைநில ஓவியரைப் பின்பற்றாதீர்கள். அங்கு காற்றில் ஈரம் குறைவு என்பதால் பல மைல் தொலைவிலுள்ள மலையும் கூர்மையான விளிம்போடு தெரியும். நம் கடற்கரைக் காற்றிலோ ஈரமும் உப்பும் கலந்திருப்பதால், அறுகம்குடாப் பக்கத்து மரவரிசைகூட வெளிறி நீலம் பூத்திருக்கும். அதன் விளிம்பை ஈரத்தூரிகையால் தொட்டு மென்மையாக்குங்கள்.

முன்னணியில் அடம்பன் கொடியையும் இராவணன் மீசைப் புல்லையும் வரையத் தவறாதீர்கள். மணலைப் பிடித்து நிறுத்துபவை அவையே. மேடு எங்கே உயர்கிறது என்பதைப் பார்ப்பவருக்குக் காட்டுபவையும் அவையே. இராவணன் மீசையின் முனைகள் கூரானவை என்பதால் அருகில் அமரும்போது கவனம் தேவை.

பாலைநிலப் பண்பாட்டின் குறிகளை அலங்காரமாக எடுத்து ஒட்டுவதை நான் ஏற்பதில்லை. அவுஸ்திரேலிய மேற்குப் பாலையின் முதுகுடி மக்கள் 1971 முதல் பபுன்யாவில் பலகைகளிலும் பின்னர் துணியிலும் தீட்டிய புள்ளிகளும் வட்டங்களும் குறிப்பிட்ட குடும்பங்களுக்கு உரிமையான கதைகளைச் சுமப்பவை. கண்ணகி அம்மன் சடங்கில் எதை யார் தொடலாம் என்ற வரையறையை அறிந்த மட்டக்களப்பு, அம்பாறை மக்களுக்கு இதை நீட்டி விளக்கத் தேவையில்லை. படத்தில் மனிதர் வேண்டுமென்றால், கரைவலை இழுப்பவர்களிடம் அனுமதி கேட்டு, இழுக்கும்போது அவர்களுடைய முதுகு எவ்வளவு சாய்கிறது என்பதைப் பாருங்கள். வலையின் பாரத்தை அந்தச் சாய்வே காட்டிவிடும்.

முடிந்த படத்தின் பின்புறம் திகதி, நேரம், காற்று வந்த திசை ஆகிய மூன்றையும் எழுதி வையுங்கள். வாடைக்காற்று மாதங்கள் கழிந்ததும் அதே இடத்தில் அமர்ந்து, பழைய படத்தை அருகில் வைத்துக்கொண்டு, நகர்ந்துபோன மேட்டை மறுபடியும் பென்சிலிலிருந்து தொடங்குங்கள்.