பொதுப் பூங்கா டென்னிஸ் களத்தில் கட்டண வகுப்புகள்: ஒழுங்குக்குக் கொண்டுவருவது எப்படி?

சனிக்கிழமை காலை ஒன்பது மணி. மட்டையும் கையுமாகப் பூங்காவுக்குப் போனால், நான்கு களங்களில் மூன்றில் கட்டண வகுப்பு நடத்தும் பயிற்சியாளரின் பந்துக்கூடைகள் நிற்கின்றன. நான்காவதில் எழுபது வயதுத் தம்பதி ஒன்று மெதுவாகத் தட்டிக்கொண்டிருக்கிறது. அவர்களை வெளியேறச் சொல்ல மனம் வராது. வேலியோரம் மடக்கு நாற்காலிகளில் பெற்றோர், பாதிப் பேர் நம்மவர்கள். “அண்ணா, இன்னும் பத்தே நிமிடம், இவனுக்கு முடிந்துவிடும்” என்கிறார் ஒரு அம்மா. சொன்னபடி பத்து நிமிடத்தில் அவனுக்கு முடிகிறது. உடனே அடுத்த பையன் உறையிலிருந்து மட்டையை உருவிக்கொண்டு உள்ளே போகிறான்.

நான் இருப்பது நியூ ஜெர்சியின் ஒரு சிறிய ஊரில். வேலிக்கு இரண்டு பக்கமும் நின்றிருக்கிறேன். என் மகள் ஃபோர்ஹேண்ட் கற்றது இப்படிப்பட்ட ஒரு வகுப்பில்தான். அப்போது அந்த மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தவன் நான். பிறகு நானே ஆடத் தொடங்கியதும் காத்திருப்பவனாகிக் கோபப்பட்டேன். பயிற்சியாளரை விரட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. விரட்டினால் அவர் பக்கத்துப் பூங்காவுக்குப் போவார், அல்லது கூடையைக் காரில் வைத்துவிட்டு “இவன் என் மருமகன்” என்பார். அவரைக் காகிதத்துக்குள் கொண்டுவர வேண்டும். என்ன நேரம், எந்தக் களம், யார் பொறுப்பு என்று எழுதி வைத்துவிட்டால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும். உங்கள் ஊரில் இதைச் செய்ய விரும்பினால், வரிசையாக இப்படிப் போங்கள்.

முதல் படி: வாயைத் திறக்கும் முன் எண்ணுங்கள்

ஒரு சிறிய நோட்டுப் புத்தகம், இரண்டு வாரம். நகராட்சிக் கூட்டத்தில் எழுந்து “எப்போது போனாலும் வகுப்புதான் நடக்கிறது” என்றால், அங்கே இருப்பவர் கேட்கும் முதல் கேள்வி “எப்போதெல்லாம் போனீர்கள்?” என்பதுதான். அதற்குப் பதில் இல்லாமல் உட்கார்ந்த அனுபவம் எனக்கு உண்டு.

என் நோட்டில் ஒரு வரி இப்படி இருக்கும்: “செவ்வாய், மாலை 5:40. களம் 1 கூடை, ஒரு சிறுவன். களம் 2 நால்வர் ஆட்டம். களம் 3 கூடை, மூன்று சிறுமியர். களம் 4 காலி, வலை தொங்குகிறது. காத்திருப்போர் இருவர்.” இவ்வளவு போதும். படம் எடுக்காதீர்கள். அங்கே இருப்பவை பிறர் வீட்டுக் குழந்தைகள். கைப்பேசியை நீட்டிய நொடியில் நீங்கள்தான் குற்றவாளி.

இரண்டு வாரம் முடிந்து பக்கங்களைப் புரட்டினால் கோபத்தில் பாதி கரைந்துவிடும். எங்கள் களத்தில் நெரிசல் வார நாள் மாலை ஐந்திலிருந்து ஏழு வரையும், சனிக்கிழமை முற்பகலிலும் மட்டும்தான். வார நாள் காலை பத்திலிருந்து மூன்று வரை நான்கு களங்களிலும் குருவிகள்தான் உலாவின. அதோடு, எனக்கு எரிச்சலூட்டிய ‘நெரிசலில்’ ஒரு பங்கு அந்தத் தொங்கும் வலையால் வந்தது. அதற்குப் பயிற்சியாளரைத் திட்டிப் பயனில்லை.

இரண்டாம் படி: ஏற்கெனவே விதி இருக்கிறதா?

பெரும்பாலும் இருக்கும். யாரும் படித்திருக்க மாட்டார்கள், அவ்வளவுதான். அமெரிக்க ஊர்கள் பலவற்றின் விதித்தொகுப்பு இணையத்திலேயே கிடைக்கிறது. அதில் பூங்காக்களுக்கான அத்தியாயத்தைத் திறந்து, வணிக நடவடிக்கை, சேவை விற்பனை, அனுமதிச் சீட்டு ஆகிய சொற்களைத் தேடுங்கள். மூன்றில் ஒன்று தென்படும்: அனுமதியில்லாமல் பூங்காவில் காசு வாங்கி எதுவும் செய்யக்கூடாது என்ற பொது விதி, ஒரே ஒரு நிறுவனத்துக்கு மொத்தமாகக் கொடுத்துவிட்ட ஒப்பந்தம், அல்லது ஒன்றுமே இல்லை.

நியூயார்க் நகரம் முதல் வகை. அங்கே பருவ காலத்தில் பொதுக் களத்தில் விளையாடவே அனுமதிச் சீட்டு வேண்டும். இருவர் ஆட்டத்துக்கு ஒரு மணி நேரம், நால்வர் ஆட்டத்துக்கு இரண்டு. காசு வாங்கிக் கற்றுக்கொடுப்பதென்றால் பூங்காத் துறையின் அனுமதி பெற்றவராக இருக்க வேண்டும். சிறிய ஊர்களில் இவ்வளவு கறார் கிடையாது.

விதி இருந்தும் யாருக்கு அனுமதி கொடுத்தார்கள் என்று தெரியாவிட்டால் எழுதிக் கேளுங்கள். நியூ ஜெர்சியில் அதற்கென்றே பொதுப் பதிவேடுகள் சட்டம் இருக்கிறது. ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து ‘ஓப்ரா’ என்பார்கள்; தொலைக்காட்சி அம்மையார் ஓப்ரா வின்ஃப்ரேக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. நகராட்சி எழுத்தரிடம் கொடுத்தால் பொதுவாக ஏழு வேலை நாட்களுக்குள் பதில் தர வேண்டும். எனக்கு வந்த பதில் ஒரே வரி: அப்படி எந்த அனுமதியும் வழங்கப்படவில்லை. அந்த வரியை மடித்து நோட்டுக்குள் வைத்துக்கொண்டேன்.

மூன்றாம் படி: ‘வகுப்பு’ என்றால் என்ன என்று எழுதுங்கள்

அதிகம் பேர் சறுக்கும் இடம் இது. “பூங்காவில் டென்னிஸ் கற்பிக்கத் தடை” என்று ஒரு வரி எழுதிப் பலகையில் மாட்டிவிடுவது எளிது. ஆனால் வீனஸ், செரீனா சகோதரிகளுக்குக் கலிஃபோர்னியாவின் காம்ப்டனில் பொதுக் களங்களில்தான் அவர்களுடைய தந்தை ரிச்சர்ட் வில்லியம்ஸ் ஆட்டம் கற்றுக்கொடுத்தார். தள்ளுவண்டி நிறையப் பழைய பந்துகளோடு அவர் வருவது ஊரறிந்த காட்சி. உங்கள் பலகை அங்கே தொங்கியிருந்தால் முதலில் வெளியே போயிருக்க வேண்டியவர் அவர்தான்.

மறுபக்கம், “காசு வாங்கிக் கற்பிக்கத் தடை” என்றால், காசு கைமாறுவதை யார் பார்த்தார்கள்? எல்லாம் கைப்பேசியில் போய்விடுகிறது. ஆகவே விதி கண்ணுக்குத் தெரிகிறவற்றைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். நாங்கள் எழுதியது ஏறக்குறைய இது: ஒரே நபர், ஒரே நாளில், தன் குடும்பத்தைச் சேராத வெவ்வேறு ஆட்களுக்கு அடுத்தடுத்துப் பயிற்சி அளித்தால் அது வகுப்பு. அப்பா மகளுக்குச் சொல்லிக்கொடுப்பது வகுப்பு இல்லை. அலுவலக நண்பருக்கு சர்வ் போடக் காட்டிக்கொடுப்பதும் இல்லை. கூடை இருப்பது சந்தேகத்துக்கு இடம் தரும், ஆனால் அதை மட்டும் வைத்து முடிவு கட்டக்கூடாது. தனியாக சர்வ் பழகுகிறவரும் கூடையோடுதான் வருவார்.

நான்காம் படி: பயிற்சியாளரோடு பேசுங்கள்

கூட்டத்தில் புகார் சொல்வதற்கு முன்பே பேசிவிட வேண்டும். வகுப்பு நடுவில் போகாதீர்கள். கூடையைக் காரில் ஏற்றும் நேரத்தில் போங்கள்.

எங்கள் களத்துக்கு வருபவர் ஐம்பது வயதைத் தாண்டியவர், முழங்காலில் பட்டை. நான் தயங்கித் தயங்கி ஆரம்பித்ததும் அவரே சொன்னார்: “அனுமதி கேட்டு இரண்டு முறை போனேன். எந்தப் படிவம் என்று அவர்களுக்கே தெரியவில்லை.” அவருக்கு வேண்டியது ஒன்றுதான், நிச்சயமான நேரம். மழை வந்து கலைந்தால்கூடப் பரவாயில்லை, யாராவது வந்து “களத்தை விடு” என்று பிள்ளைகள் முன்னால் சொல்வதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. எனக்கு வேண்டியதும் நிச்சயமான நேரம்தானே! அன்று வண்டி நிறுத்துமிடத்தில் அரை மணி நேரம் பேசினோம். பிற்பாடு நகராட்சி மன்றத்தில் எங்கள் பக்கம் பேசியதும் அவர்தான்.

ஐந்தாம் படி: அனுமதிக்கு என்னென்ன கேட்பது

காப்பீடு முதலில். பூங்காவில் தொழில் செய்கிறவர்களிடம் அமெரிக்க நகராட்சிகள் வழக்கமாகக் கேட்பது, ஒரு சம்பவத்துக்குப் பத்து லட்சம் டாலர் வரைக்குமான பொறுப்புக் காப்பீடு; அதில் ஊரின் பெயரும் கூடுதலாகக் காப்பீடு பெறுபவராகச் சேர்க்கப்பட்டிருக்க வேண்டும். தொகை பயமுறுத்தும், ஆனால் தொழில்முறைப் பயிற்சியாளர் சங்கங்களில் சேர்ந்தவர்களுக்கு அந்த உறுப்பினர் வழியிலேயே காப்பீடு கிடைப்பதுண்டு. 1927ல் தொடங்கி யுஎஸ்பிடிஏ என்று அறியப்பட்டு இப்போது ஆர்எஸ்பிஏ என்று பெயர் மாறியிருக்கும் சங்கம் ஒன்று, பிடிஆர் இன்னொன்று. இவற்றின் சான்றிதழைக் கேட்கலாம். நான் அதைக் கட்டாயமாக்க மாட்டேன். நன்றாகக் கற்பிக்கும் சிலரிடம் அது இருக்காது.

குற்றப் பின்னணிச் சோதனையிலும், விளையாட்டில் துன்புறுத்தலைத் தடுக்கக் கற்றுத்தரும் சேஃப்ஸ்போர்ட் பயிற்சியிலும் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். விளையாட்டில் சிறாரைப் பாதுகாப்பதற்கான கூட்டாட்சிச் சட்டம் 2018 பிப்ரவரியில் கையெழுத்தானது. அதன் பிடி முக்கியமாகத் தேசிய விளையாட்டு அமைப்புகள் மீதும் அவற்றைச் சார்ந்தவர்கள் மீதும்தான். எந்தச் சங்கத்திலும் சேராமல் பூங்காவில் தனியாகக் கற்பிக்கும் ஒருவர் அந்த வலையில் விழாமலே போகலாம். அந்த ஓட்டையை அடைக்கக்கூடியது உங்கள் ஊரின் அனுமதிச் சீட்டுதான். பிள்ளையை இறக்கிவிட்டுக் கடைக்குப் போய் வரும் பெற்றோருக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஆறாம் படி: நேரமும் களமும்

உங்கள் நோட்டுப் புத்தகம் இப்போதுதான் வேலை செய்யும். ஒரு கணக்குப் போடுங்கள். நான்கு களம், மாலை நான்கிலிருந்து எட்டு வரை என்றால் நாளுக்குப் பதினாறு களமணி (ஒரு களம் ஒரு மணி நேரம் என்பது ஒரு களமணி). வார நாட்கள் ஐந்துக்கு எண்பது. அதில் எத்தனையை வகுப்புக்குக் கொடுக்கலாம்? நாங்கள் கால் பங்கில் நிறுத்தினோம்: இருபது, அதாவது எப்போதும் ஒரே ஒரு களம். எந்தக் களம் என்பதும் முக்கியம். ஓரத்துக் களமாகவே இருக்கட்டும்; நடுக்களத்தில் வகுப்பு நடந்தால் சிதறும் பந்துகள் இரண்டு பக்கமும் ஆட்டத்தைக் கெடுக்கும். சனி, ஞாயிறு முற்பகல் முழுவதும் பொதுமக்களுக்கு. வார நாள் காலை பத்து முதல் மூன்று வரை இரண்டு களம்கூடக் கொடுக்கலாம், குருவிகள் ஆட்சேபிக்காது.

கோடையில் இரவு எட்டரைக்குக்கூட வெளிச்சம் இருக்கும், அக்டோபர் கடைசியில் ஆறு மணிக்கே இருட்டிவிடும். விளக்கில்லாத களத்துக்கு ஒரே அட்டவணை ஏப்ரலுக்கும் அக்டோபருக்கும் பொருந்தாது. இரண்டு அட்டவணை போடுங்கள். நாங்கள் முதல் வருடம் இதை மறந்து, செப்டம்பரில் மறுபடி சண்டை.

சிறு பிள்ளைகளுக்கு முழுக் களம் தேவையில்லை என்பதையும் பயிற்சியாளரோடு பேசி எழுதிவிடுங்கள். முழுக் களத்தின் நீளம் 78 அடி. எட்டு வயதுக்குட்பட்டவர்களுக்கு, மெதுவாக எழும்பும் சிவப்புப் பந்தோடு 36 அடிச் சிறு களம் போதும். ஒரு முழுக் களத்துக்குள் நான்கு சிறு களங்களைக் குறுக்காகப் போட்டுவிடலாம். மூன்று குழந்தைகளுக்காக மூன்று மணி நேரம் பிடிக்கும் ஒருவர், எட்டுக் குழந்தைகளை ஒரே மணியில் ஆடவைக்க முடியும். பெற்றோருக்கும் தலைக்கு ஆகும் கட்டணம் குறையும்.

இணையப் பதிவு வைத்திருக்கும் ஊர்களில் ஒரு தந்திரம் நடக்கும்: மாணவர் வீடுகள் ஒவ்வொன்றும் ஒரு மணி நேரத்தைத் தங்கள் பெயரில் பிடித்துப் பயிற்சியாளருக்குக் கொடுத்துவிடும். அதற்கு மருந்து, வகுப்பு நேரத்தைப் பொதுப் பதிவிலிருந்து முழுக்கப் பிரித்துவிடுவது. பொதுப் பதிவில் வீட்டுக்கு வாரம் இரண்டு முறைதான், பதிவு செய்தவர் களத்தில் மட்டையோடு நிற்க வேண்டும்.

ஏழாம் படி: கட்டணம்

சுருக்கமாகவே சொல்கிறேன். களமணிக்கு ஒரு நிலையான தொகை வாங்குங்கள். வருமானத்தில் சதவீதம் என்று போனால் கணக்குப் பார்க்க ஓர் ஆள் வேண்டும், அவருக்குச் சம்பளம் வேண்டும். களமணிக்குப் பத்து டாலர் என்று வையுங்கள்: வாரம் இருபது மணி, இருபத்துநான்கு வாரம், 4,800 டாலர். தளத்தைப் புதுப்பிக்க இது போதாது; தொங்கும் வலைகளை மாற்றப் போதும். அந்தப் பணம் ஊரின் பொதுக் கணக்கில் கரையாமல் களத்துக்கே வரும்படி தீர்மானத்திலேயே எழுதச் சொல்லுங்கள்.

மொத்தக் களத்தையும் ஒரே நிறுவனத்துக்குக் குத்தகை விட்டுவிடலாம் என்று மன்றத்தில் யாராவது நிச்சயம் சொல்வார். ஊருக்கு வேலை மிச்சம்தான். ஆனால் போட்டியில்லாத இடத்தில் கட்டணம் ஏறும், முழங்காலில் பட்டை கட்டிய மனிதர் வெளியே போவார். இன்னொரு வழியும் உண்டு: ஊரே ஆள் வைத்துக் கற்பிப்பது. டென்னிஸ் வீராங்கனை பில்லி ஜீன் கிங் 1950களில் கலிஃபோர்னியாவின் லாங் பீச்சின் பூங்காக்களில் இலவசமாகக் கற்றது அப்படி ஊர் நியமித்த கிளைட் வாக்கர் என்ற பயிற்சியாளரிடம்தான். உங்கள் ஊரில் பணமிருந்தால் தாராளமாகக் கேளுங்கள். எங்கள் ஊரில் கேட்டேன், சிரித்தார்கள்.

எட்டாம் படி: பலகையும் அட்டையும்

அனுமதி பெற்றவர் கழுத்தில் அட்டை தொங்கட்டும். வாசலில் ஒரு பலகை. அதில் “மீறினால் தண்டிக்கப்படுவீர்கள்” என்று ஆரம்பிக்காதீர்கள். எங்கள் பலகையில் இருப்பதைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்:

“களம் 4: திங்கள் முதல் வெள்ளி மாலை 4 முதல் 8 வரை அனுமதி பெற்ற வகுப்புகள். மற்ற களங்கள் எப்போதும் பொது ஆட்டத்துக்கு. ஆள் காத்திருந்தால் ஒரு மணி நேரத்தில் களம் மாற்றித் தரவும். வகுப்பு தொடங்கிப் பத்து நிமிடத்துக்குள் யாரும் வராவிட்டால் களம் 4-ம் பொது ஆட்டத்துக்கே. புகாருக்கு, பொழுதுபோக்குத் துறை.” கீழே அலுவலக எண்.

அட்டை இல்லாமல் யாராவது கூடையோடு வந்தால் நீங்கள் காவலராக வேண்டாம். நேரத்தையும் களத்தையும் குறித்து அந்த எண்ணுக்குச் சொல்லுங்கள், போதும். காவல்துறையை அழைப்பது பைத்தியக்காரத்தனம். முதல் முறை எச்சரிக்கை, இரண்டாம் முறை அபராதம், அனுமதி உள்ளவர் மீறினால் அந்தப் பருவத்துக்கு அட்டை ரத்து என்று ஏறுமுகமாக வைக்கச் சொல்லுங்கள்.

அட்டவணையை மாற்ற வேண்டுமென்றால் ஜனவரியில் பேசுங்கள். வலைகள் கழற்றப்பட்டு, பனி மூடி, யாருக்கும் யார் மீதும் கோபமில்லாத மாதம் அது. ஏப்ரலில் முதல் வெயில் வந்தபின் பேசினால் காதில் ஏறாது. போகும்போது பழைய நோட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். போன ஜனவரியில் நான் அதைத் திறந்தபோது ஒரு பக்கத்தில் “களம் 2, கூடை, திமிர்” என்று எழுதியிருந்தது. அது யாரைப் பற்றி என்று பயிற்சியாளர் எட்டிப் பார்த்துக் கேட்டார். பக்கத்தைப் புரட்டிவிட்டேன்.