பழைய ஹோம்பில்ட் விமானம் வாங்கியிருக்கிறீர்களா? முதலில் இதைச் செய்யுங்கள்

வேறொருவர் கையால் கட்டிய விமானத்தை வாங்கினால், அதே பிளானில் கட்டிய இன்னொரு விமானத்தை வைத்து இதையும் தெரியும் என்று நினைக்காதீர்கள். கட்டியவரின் லொக் புத்தகத்தையும் படங்களையும் எப்படியாவது கேட்டு வாங்குங்கள், அவர் எங்கே என்ன மாற்றினார் என்பது அதில்தான் இருக்கும்.

அப்புறம் எரிபொருள் ஹோஸ். பார்க்க நன்றாக இருந்தாலும் உள்ளே றப்பர் உரிந்து ஓட்டத்தை அடைக்கும். ரோட்டாக்ஸ் 912 எஞ்சினுக்கு 5 வருடத்துக்கு ஒருமுறை றப்பர் பாகங்களை மாற்றச் சொல்கிறார்கள். தேதி தெரியாவிட்டால் எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள். மாற்றியதும் விமானத்தின் மூக்கை ஏறும் கோணத்துக்குத் தூக்கி வைத்து, கார்புரேட்டர் பக்கம் குழாயைக் கழற்றி, ஒரு நிமிடத்தில் எவ்வளவு வருகிறது என்று அளந்து பாருங்கள். பம்ப் இருந்தால் முழு வேகத்தில் எஞ்சின் குடிப்பதைவிட 25 சதவீதம் கூட வரவேண்டும், பம்ப் இல்லாமல் எரிபொருள் தானாக இறங்கும் டாங்க் என்றால் 50 சதவீதம் கூட.

கொழும்பு பஞ்சிகாவத்தையின் வாகன உதிரிப்பாகக் கடைகளில் எந்த போல்ட்டும் கிடைக்கும், சரி, ஆனால் விமானத்தில் போடாதீர்கள். விமானத்துக்கென்றே செய்யும் ஏஎன் ரக சாதாரண ஸ்டீல் போல்ட் தலையில் சிலுவை அல்லது நட்சத்திரக் குறி இருக்கும், அது இல்லாததைக் கண்டால் என்ன ரகம் என்று உறுதி செய்யாமல் விடாதீர்கள். நைலொன் லொக் நட் விரலாலேயே சுழன்றால் அதன் ஆயுள் முடிந்தது. சுழலும் இணைப்பில் அது வேண்டவே வேண்டாம், கோட்டர் பின் போடும் நட்தான்.

கொழும்புக்குப் பக்கத்து இரத்மலானை விமான நிலையத்தில் நிறுத்துபவர்கள் கடல் காற்றை மறக்காதீர்கள்: அலுமினியமும் ஸ்டீலும் தொடும் இடங்களை டார்ச் அடித்து அடிக்கடி பாருங்கள், வெள்ளைப் பொடி தெரிந்தால் அது அரிப்பு, உரிமம் உள்ள எஞ்சினியரிடம் காட்டிவிட்டுத்தான் அடுத்த பறப்பு.