'வரலாற்றில் இன்று' எழுதும்போது நேரும் தவறுகள்: நவம்பர் 7-ஐ வைத்துப் பார்ப்போம்

காலை வழிபாட்டுக் கூட்டத்தில் 'வரலாற்றில் இன்று' பகுதிக்குக் கிடைப்பது இரண்டு நிமிடம். அதற்குள் இருபது வரிப் பட்டியலை ஒரு குழந்தையின் கையில் கொடுத்து வாசிக்கச் சொல்வதுதான் முதல் தவறு. ஆண்டு, பெயர், ஆண்டு, பெயர் என்று ஓடும் பட்டியலில் வாசிப்பவருக்கும் ஒன்றும் நிற்காது, வரிசையில் நிற்பவர்களுக்கும் நிற்காது. நான்கு செய்திகள் போதும். ஒவ்வொன்றுக்கும் மூன்று சிறிய வாக்கியங்கள்: யார், எந்த ஊரில், அதனால் என்ன ஆயிற்று.

நவம்பர் 7-ஐ எடுத்துக்கொள்வோம். இந்த வேலையில் வழக்கமாக வரும் தவறுகள் பலவும் இந்த ஒரே தேதியில் அகப்படுகின்றன.

சர் சி.வி. ராமன் 1888-ஆம் ஆண்டு இதே நாளில் திருச்சியை ஒட்டிய திருவானைக்காவலில் பிறந்தார். தேசிய அறிவியல் நாள் அவருடைய பிறந்தநாள் என்று எழுதுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அது பிப்ரவரி 28. 1928-இல் கொல்கத்தாவில் ராமன் விளைவு (ஒரு பொருளில் பட்டுச் சிதறும் ஒளியில் ஒரு சிறு பங்கின் அலைநீளம் மாறுவது) கண்டறியப்பட்டதை நினைவுகூரும் நாள். நோபல் பரிசு ஆண்டு 1930. பிறப்பு, கண்டுபிடிப்பு, பரிசு ஆகிய மூன்றும் மூன்று வெவ்வேறு நாட்கள். ஒரே வாக்கியத்தில் மூன்றையும் அடைத்தால் குழந்தை எல்லாவற்றையும் நவம்பர் 7-இல் நடந்ததாகவே எடுத்துக்கொள்ளும். அதனால் அன்றைக்கு உரியதை முதல் வாக்கியத்தில் சொல்லி முடித்துவிட்டு, மற்றவற்றை அவற்றுக்குரிய ஆண்டோடு அடுத்த வாக்கியத்தில் சொல்லுங்கள். 'நோபல் பெற்ற முதல் ஆசியர்' என்றும் எழுதிவிடாதீர்கள். 1913-இலேயே தாகூர் இலக்கியத்துக்காகப் பெற்றுவிட்டார். அறிவியலில் பெற்ற முதல் ஆசியர் என்பதே சரி.

'முதல்', 'ஒரே' என்ற சொற்கள் வரும் இடத்தில் எப்போதும் ஒரு தடவை நின்று யோசிக்க வேண்டும். மேரி கியூரி 1867 நவம்பர் 7 அன்று வார்சாவில் பிறந்தார். இரண்டு நோபல் பரிசு பெற்ற ஒரே நபர் என்று பட்டியல்கள் சொல்கின்றன. ஜான் பார்டீன் இயற்பியலில் இரண்டு பெற்றிருக்கிறார், ஃபிரெடரிக் சாங்கர் வேதியியலில் இரண்டு, லைனஸ் பாலிங் வேதியியலிலும் அமைதியிலும் ஒவ்வொன்று. இரு வேறு அறிவியல் துறைகளில் பெற்றவர் என்றால்தான் அவர் ஒருவர் மட்டும்: 1903-இல் இயற்பியல், 1911-இல் வேதியியல். 1903-ஆம் ஆண்டுப் பரிசை பியர் கியூரியோடும் ஆன்றி பெக்கரலோடும் பகிர்ந்துகொண்டார் என்பதையும் விடக்கூடாது. கதிரியக்கத்தை முதலில் கண்டவர் பெக்கரல், 1896-இல். கியூரி தம்பதி 1898-இல் கண்டுபிடித்தவை பொலோனியம், ரேடியம் என்ற தனிமங்கள். படத்திலும் கவனம் தேவை. மேரி கியூரி என்று இணையத்தில் சுற்றும் ஒரு படம் உண்மையில் மேடையில் அவர் வேடமிட்ட நடிகையுடையது. சில நாடுகளின் அஞ்சல்தலைகளிலேயே அது ஏறிவிட்டது.

அடுத்தது நாட்காட்டி. இங்கேதான் கவனமாக எழுதுகிறவர்களும் தடுமாறுகிறார்கள். 1917 நவம்பர் 7 அன்று ரஷ்யாவின் அன்றைய தலைநகரான பெத்ரோகிராதில் லெனின் தலைமையிலான போல்ஷெவிக் கட்சியினர் ஆட்சியைக் கைப்பற்றத் தொடங்கினார்கள். அதன் பெயர் அக்டோபர் புரட்சி. "நவம்பரில் நடந்ததற்கு ஏன் அக்டோபர் என்று பெயர்?" என்று ஏதாவது ஒரு குழந்தை கேட்கும், கேட்கவும் வேண்டும். ரஷ்யா அப்போது பழைய ஜூலியன் நாட்காட்டியைப் பின்பற்றியது. அதன்படி அன்று அக்டோபர் 25. நாம் பயன்படுத்தும் கிரிகோரியன் நாட்காட்டிக்கு ரஷ்யா 1918-இல்தான் மாறியது. அந்த ஆண்டு ஜனவரி 31-க்கு மறுநாள் அங்கே பிப்ரவரி 14. இடையில் 13 தேதிகள் வரவே இல்லை. இதைக் கரும்பலகையில் ஒரு மாதக் கட்டமாக வரைந்து, விடுபட்ட தேதிகளை அடித்துக்காட்டினால் ஐந்தாம் வகுப்புக் குழந்தைக்குக்கூடப் புரியும்.

பழைய தேதியை மாற்றுவதற்கு எப்போதும் 13-ஐக் கூட்டிவிட முடியாது. 1800-களில் வித்தியாசம் 12 நாள், 1900-களில் 13. காரணம் 1900-ஆம் ஆண்டு. ஜூலியன் கணக்கில் அது லீப் ஆண்டு, கிரிகோரியன் கணக்கில் அல்ல. புரட்சியின் தலைவர்களில் ஒருவரான திரோத்ஸ்கி பிறந்ததும் நவம்பர் 7 தான், 1879-இல். ஆனால் பழைய கணக்கில் அது அக்டோபர் 26, புரட்சிக்கோ அக்டோபர் 25. எட்டாம் வகுப்புக்கு மேலே உள்ளவர்களிடம் இந்த இரண்டையும் கொடுத்து, ஒரு நாள் ஏன் மாறுகிறது என்று கண்டுபிடிக்கச் சொல்லலாம். அருமையான கணக்கு.

சிலருக்குப் பிறந்த தேதியே இரண்டாக இருக்கும். அணுக்கரு பிளவை, அதாவது அணுவின் கரு இரண்டாகப் பிளப்பதை, விளக்கிய இயற்பியலாளர் லீஸ் மைட்னர் 1878-இல் வியன்னாவில் பிறந்தவர். அங்குள்ள யூத சமூகப் பிறப்புப் பதிவேட்டில் நவம்பர் 17 என்று இருக்கிறது. அவர் கொண்டாடியதும் மற்ற ஆவணங்களில் உள்ளதும் நவம்பர் 7. இப்படிப்பட்டவரைச் சேர்த்தால் 'நவம்பர் 7 அன்று பிறந்தநாள் கொண்டாடியவர்' என்று எழுதுங்கள், பிழை வராது. இன்னொன்று: இவர் நோபல் பரிசு பெறவில்லை. அணுப்பிளவுக்கான பரிசு அவருடன் ஆய்வு செய்த ஓட்டோ ஹானுக்கு மட்டுமே போயிற்று.

அமெரிக்காவின் டகோமா நேரோஸ் தொங்கு பாலம் 1940 நவம்பர் 7 அன்று இடிந்து விழுந்தது. திறந்து நான்கு மாதமே ஆகியிருந்த, இரு கோபுரங்களுக்கு இடையே 853 மீட்டர் நீளம் கொண்ட பாலம். மணிக்கு சுமார் 65 கிலோமீட்டர் காற்றில் துணிபோல முறுக்கிக்கொண்டு ஆடி விழுந்தது. படச்சுருள் இருப்பதால் குழந்தைகள் விழி அகலப் பார்ப்பார்கள். இங்கே தேதிச் சிக்கல் ஒன்று உண்டு: அங்கே காலை சுமார் 11 மணி என்றால் இந்திய நேரப்படி நள்ளிரவு கடந்து 8-ஆம் தேதி. நிகழ்வு நடந்த ஊரின் தேதியையே எழுதுவது முறை. காரணத்தைச் சொல்வதில்தான் பெரிய பிழை நடக்கிறது. ஒத்ததிர்வால் (வெளியிலிருந்து தள்ளும் தாளம் பாலத்தின் இயல்பான ஆட்டத்தோடு ஒத்துப்போய் ஆட்டம் பெருகுவதால்) விழுந்தது, படை வீரர்கள் அணிவகுத்துப் போனால் பாலம் ஆடுவதுபோல, என்று பாடப்புத்தகங்கள்கூடச் சொல்லியிருக்கின்றன. உண்மையில் தளத்தின் பக்கவாட்டில் காற்று புகமுடியாத 2.4 மீட்டர் உயரத் தகட்டு உத்தரங்கள் (சுவர்போல் முழுத் தகட்டாலான விட்டங்கள்) இருந்தன. தளமோ 12 மீட்டர் அகலம்தான், எடையும் குறைவு. தளம் முறுகத் தொடங்கியதும் அந்த முறுக்கமே காற்றின் விசையைத் தனக்குச் சாதகமாகத் திருப்பி, ஒவ்வோர் ஆட்டத்திலும் மேலும் ஆற்றலை வாங்கிக்கொண்டது. காற்று ஒரே சீராக வீசினாலே இது நடக்கும், தாளம்போட்டுத் தள்ள வேண்டியதில்லை. சிறு குழந்தைகளுக்கு 'காற்றுக்கு வழி விடாத மெலிந்த பாலம் முறுக்கிக்கொண்டு விழுந்தது' என்றால் போதும். காரில் விடப்பட்ட ஒரு நாய் இறந்துபோனது. மனிதர் யாரும் சாகவில்லை. சொல்வதா வேண்டாமா என்பதை வகுப்பைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

அன்றைக்கு ஒன்றே ஒன்றுதான் வாசிக்க நேரம் என்றால் நாம் தேர்ந்தெடுப்பது அம்பேத்கரை. 1900 நவம்பர் 7 அன்று அவர் சாத்தாராவில் உள்ள அரசுப் பள்ளியில் சேர்ந்தார். அப்போது அவருக்கு ஒன்பது வயது. மகாராஷ்டிரத்தில் இந்த நாள் மாணவர் நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. பள்ளியில் நிற்கும் குழந்தைக்கு இதைவிட நெருக்கமான செய்தி அந்தத் தேதியில் கிடையாது. பட்டியல்களோ இதை விட்டுவிட்டுப் போர்களையும் தேர்தல்களையும் நிரப்புகின்றன.

பிறந்தநாளையும் நினைவுநாளையும் ஒரே தலைப்பின்கீழ் போடாதீர்கள். கடைசி முகலாயப் பேரரசர் பகதூர் ஷா ஜாபர் 1862 நவம்பர் 7 அன்று ரங்கூனில், நாடுகடத்தப்பட்ட நிலையில் இறந்தார். பட்டியலைச் சரியாகப் பார்க்காமல் அவர் பெயருக்கும் சேர்த்து வாழ்த்துச் சொல்லவைத்துவிடுவதுண்டு.

வயதுக் கணக்கில் ஒன்று கூடியோ குறைந்தோ போவது இன்னொன்று. நடப்பு ஆண்டிலிருந்து பிறந்த ஆண்டைக் கழித்தால் வருவதே பிறந்தநாளின் எண். 2026-இல் ராமனுக்கு 2026 - 1888 = 138-ஆவது பிறந்தநாள். 139-ஆவது ஆண்டு அன்றுதான் தொடங்குகிறது. நம் வீடுகளில் நடக்கும் வயதைச் சொல்லும் பழக்கம் இருப்பதால் 139 என்று எழுதிவிடுகிறார்கள்.

எழுதி முடித்ததும் ஒவ்வொரு தேதியையும் இரண்டு இடங்களில் ஒத்துப்பாருங்கள். இரண்டும் ஒன்றையொன்று பார்த்து எழுதியவையாக இருக்கக்கூடாது. பரிசு பற்றியது என்றால் நோபல் அமைப்பின் தளம், மற்றவற்றுக்கு நூலகத்தில் உள்ள கலைக்களஞ்சியம். வாட்ஸ்அப்பில் வரும் தொகுப்புகள் ஒரே மூலத்திலிருந்து படியெடுக்கப்பட்டவை, அவற்றில் பத்து இருந்தாலும் ஒன்றாகவே எண்ணுங்கள். சரிபார்த்த செய்தியை ஓர் அட்டையில் எழுதி, பின்புறம் எங்கே பார்த்தது என்று குறித்து, தேதிவாரியாக ஒரு பெட்டியில் அடுக்கிவிட்டால் அடுத்த ஆண்டு மாற்ற வேண்டியது வயது எண்ணை மட்டும்தான்.