பக்கெட்டில் மாட்டும் ஃபோர்க்: விளிம்பு வளைவதற்குத் தீர்வு

சிறிய டிராக்டரின் முன்னால் உள்ள லோடரின் (பாரம் தூக்கும் அமைப்பு) பக்கெட்டில் திருகி மாட்டும் ஃபோர்க்குகள் (பாரத்தைத் தாங்கும் நீண்ட இரும்புக் கரங்கள்) பாரம் ஏறியதும் பக்கவாட்டில் விரிந்தன, பக்கெட் விளிம்பும் நடுவில் கீழே வளைந்தது. முழு பாரத்தையும் மெல்லிய விளிம்புத் தகடே தாங்குவதுதான் காரணம்.

விளிம்பின் அடியில் 12 மி.மீ. இரும்புப் பட்டையை முழு அகலத்துக்கும் பற்றவைத்தேன். ஃபோர்க்குகளுக்கு இடையே குறுக்குக் கம்பி போட்டதும் விரிவது நின்றது. ஒவ்வொரு ஃபோர்க்கிலிருந்தும் பக்கெட்டின் மேல்விளிம்புக்குச் சங்கிலி கட்டுவது அவசியம். திருகு தளர்ந்தாலும் நழுவி விழாது. முதல் பாரத்தை இறக்கியதும் திருகை மறுபடி முறுக்க வேண்டும்.

இவ்வளவு செய்தாலும் தூக்கும் திறன் அதிகரிக்காது. பாரம் முன்னே தள்ளிப் போவதால் குறையத்தான் செய்யும்; பக்கெட், ஃபோர்க் எடையையும் கழிக்க வேண்டும். பின்பக்கம் எதிர்பாரம் மாட்டாமல் தூக்கவே கூடாது: பின்சக்கரம் எழும்பும், முன் அச்சு திணறும். பாரத்தைத் தரையை ஒட்டியே நகர்த்துங்கள்.