குளூட்டன் இல்லாத உணவைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

குளூட்டன் என்பது கோதுமை போன்ற சில தானியங்களில் உள்ள புரதம். தொடங்கும் முன் ஒரு வேண்டுகோள். சீலியாக் நோய் (குளூட்டன் சாப்பிட்டால் சிறுகுடல் பாதிக்கப்படும் நோய்) இருக்குமோ என்ற சந்தேகம் இருந்தால், பரிசோதனைகள் எல்லாம் முடியும்வரை வழக்கமான உணவையே சாப்பிடுங்கள். குளூட்டனை முன்கூட்டியே நிறுத்திவிட்டால், நோய் இருந்தும் இல்லை என்றே முடிவு வரக்கூடும். பிறகு உறுதிசெய்ய மீண்டும் வாரக்கணக்கில் குளூட்டன் சாப்பிட வேண்டியிருக்கும். அந்த அவதி யாருக்கும் வேண்டாம்.

படி 1: விலக்க வேண்டியவை

கோதுமை, பார்லி, ரை (கோதுமை போன்ற ஒரு தானியம்) ஆகிய மூன்றும், அவற்றிலிருந்து வரும் அனைத்தும். மைதா, ரவை, கூஸ்கூஸ் (ரவையை உருட்டிச் செய்யும் உணவு), ஸ்பெல்ட் (ஒரு பழைய கோதுமை வகை) எல்லாமே கோதுமைதான். சமையல் சூட்டில் குளூட்டன் அழிந்துவிடாது.

படி 2: இயற்கையிலேயே குளூட்டன் இல்லாதவை

அரிசி, மக்காச்சோளம், சிறுதானியங்கள், பருப்பு, கிழங்கு, காய், பழம், முட்டை, மீன், இறைச்சி, பால். இவற்றை வைத்தே அன்றாடச் சாப்பாட்டை அமைத்துக்கொள்ளுங்கள். 'குளூட்டன் இல்லாதது' என்று விற்கும் ரொட்டியையும் பிஸ்கட்டையும் தேடி அலைய வேண்டியதில்லை. பலவற்றில் வெறும் மாவுச்சத்தும் சர்க்கரையும்தான் மிகுதி; நார்ச்சத்து குறைவு.

ஓட்ஸ் மட்டும் தனிக்கதை. அதில் குளூட்டன் கிடையாது. ஆனால் வயலிலும் ஆலையிலும் கோதுமையும் பார்லியும் அதோடு கலந்துவிடுகின்றன. குளூட்டன் இல்லை என்று சான்று பெற்ற ஓட்ஸை மட்டும் வாங்குங்கள். சீலியாக் நோயாளிகளில் சிலருக்கு அதுவும் ஒத்துக்கொள்ளாது என்பதால் மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்குவது நல்லது.

படி 3: லேபிளைப் படித்தல்

இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். ஒரு தக்காளி சூப் பாக்கெட்டை எடுத்துத் திருப்பிப் பாருங்கள். தக்காளி, உப்பு, சர்க்கரை என்று தொடங்கும் பட்டியலின் நடுவே, கெட்டிப்படுத்துவதற்காகக் கோதுமை மாவு சேர்த்திருக்கலாம். சோயா சாஸ் பெரும்பாலும் கோதுமை சேர்த்தே தயாராகிறது. மால்ட், மால்ட் வினிகர் ஆகியவை பார்லியிலிருந்து வருபவை. மால்டோடெக்ஸ்ட்ரின் என்று இருந்தால் பயப்பட வேண்டாம், அது மாவுச்சத்திலிருந்து செய்யும் வேறு பொருள்.

'கோதுமை இல்லை' என்ற வாசகத்தை மட்டும் நம்பி வாங்காதீர்கள். உள்ளே பார்லி இருக்கலாம். சர்வதேச உணவுத் தரநிலையான கோடெக்ஸ், ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இல்லாத உணவையே 'குளூட்டன் இல்லாதது' என்கிறது. பல நாடுகளும் இதே வரம்பைப் பின்பற்றுகின்றன. வழக்கமாக வாங்கும் பொருளானாலும் ஒவ்வொரு முறையும் படியுங்கள். தயாரிப்பாளர்கள் சேர்மானத்தை மாற்றுவதுண்டு.

படி 4: சமையலறை

சரியான பொருளை வாங்கிவந்து, கோதுமை மாவு சலித்த அதே சல்லடையில் அரிசி மாவைச் சலித்தால் எல்லாம் வீண். சல்லடைக் கம்பிகளின் இடுக்கில் தங்கிய மாவு கழுவினாலும் முழுமையாகப் போவதில்லை. டோஸ்டர், மரக்கரண்டி, வெட்டுப்பலகை ஆகியவையும் அப்படித்தான். இவற்றைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். எவர்சில்வர் பாத்திரங்களை நன்றாகத் தேய்த்துக் கழுவினால் போதும்.

படி 5: வெளியே சாப்பிடும்போது

"இதில் கோதுமை இருக்கிறதா?" என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். உருளைக்கிழங்கு வறுவலில் பெரும்பாலும் கோதுமை இருக்காது. ஆனால் ரொட்டித்தூள் தடவிய கோழியைப் பொரித்த அதே எண்ணெயில் அதையும் பொரித்திருக்கலாம். எந்த எண்ணெயில் பொரித்தார்கள், குழம்பை எதைக் கரைத்துக் கெட்டியாக்கினார்கள் என்று கேளுங்கள். தெளிவான பதில் வராவிட்டால் அந்த உணவைத் தவிர்த்துவிட்டு, தோலுரித்துச் சாப்பிடும் பழத்தையோ அவித்த முட்டையையோ கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.