மாரடைப்புக்குப் பின் வரும் பரிசோதனை அறிக்கைகளைப் படிக்கும் முறை

மாரடைப்புக்குச் சிகிச்சை பெற்று வீடு திரும்பியவரின் கோப்பில், இதயத் தசைக்கு நேர்ந்த சேதத்தைக் காட்டும் எண்களும், இதயம் இப்போது எப்படி வேலை செய்கிறது என்பதைக் காட்டும் எண்களும் கலந்தே இருக்கும். முன்னதை வைத்துப் பின்னதை முடிவு செய்யக் கூடாது.

ட்ரோபோனின் அறிக்கையில் மதிப்பைப் பார்ப்பதற்கு முன் இரத்தம் எடுத்த நேரத்தைப் பாருங்கள். சேதமடைந்த தசையிலிருந்து கசியும் இப்புரதம் சில மணி நேரத்தில் உயரத் தொடங்கி, பெரும்பாலும் 12 முதல் 24 மணி நேரத்துக்குள் உச்சத்தை அடைந்து, ஒரு வாரத்துக்கு மேலும், சிலருக்கு இரண்டு வாரங்கள் வரையிலும் மெதுவாக இறங்கும். ஆகவே ஐந்தாம் நாளில் அது உயர்ந்தே இருப்பது மட்டும் புதிய மாரடைப்புக்குச் சான்றாகாது. சில மணி நேர இடைவெளியில் எடுத்த அளவுகளுக்கிடையே மீண்டும் ஏற்றம் உண்டா என்பதே கேள்வி. அலகையும் கவனியுங்கள்: மில்லிலிட்டருக்கு 0.04 நானோகிராம் என்பதும் லிட்டருக்கு 40 நானோகிராம் என்பதும் ஒரே அளவுதான்.

பி.என்.பி., என்டி-புரோபிஎன்பி ஆகியவை இதயத்தின் சுவர் அழுத்தத்தால் விரியும்போது இரத்தத்தில் கலக்கும் புரதங்கள்; இதயத்தின் மேல் உள்ள சுமையைக் காட்டுபவை. வயதும் சிறுநீரகக் கோளாறும் இவற்றை உயர்த்தும், உடற்பருமன் தாழ்த்தும். இதயச் செயலிழப்புக்குத் தரப்படும் சாக்குபிட்ரில் கலந்த மாத்திரை உட்கொள்பவருக்கு பி.என்.பி. மருந்தினாலேயே உயரக்கூடும் என்பதால், அவருக்கு என்டி-புரோபிஎன்பி பார்ப்பதே பொருத்தம்.

இதயத்தின் செயல்திறனை நேரடியாகக் காட்டுவது எக்கோ எனப்படும் இதய அல்ட்ராசவுண்ட் பரிசோதனை. இடது கீழறை ஒவ்வொரு துடிப்பிலும் தன்னிடமுள்ள இரத்தத்தில் எத்தனை விழுக்காட்டை வெளியேற்றுகிறது என்பதே அதிலுள்ள இ.எஃப். இது 100-க்கு எடுத்த மதிப்பெண் அன்று. நல்ல இதயத்திலும் ஏறத்தாழ 55 முதல் 70 வரைதான் இருக்கும், 40 அல்லது அதற்குக் கீழ் இருந்தால் குறைவு எனக் கொள்வர். ஆனால் முதல் சில நாட்களில் எடுத்த எக்கோவை இறுதித் தீர்ப்பாகக் கொள்ள வேண்டாம்: இரத்த ஓட்டம் மீண்ட பின்னும், இறக்காமல் செயலிழந்து கிடக்கும் தசை மீள நாட்களோ வாரங்களோ ஆகலாம். இ.எஃப். 35 அல்லது அதற்குக் கீழ் உள்ளவருக்கு ஐ.சி.டி. கருவி (ஆபத்தான இதயத் துடிப்பை மின்னதிர்ச்சியால் சீராக்க உடலுக்குள் பொருத்தப்படுவது) தேவையா என்பதைப் பொதுவாகக் குறைந்தது 40 நாட்களும், ஸ்டென்ட் வைத்திருந்தாலோ பைபாஸ் செய்திருந்தாலோ மூன்று மாதங்களும் மருந்து கொடுத்துப் பார்த்து, எக்கோவைத் திரும்ப எடுத்தே முடிவு செய்வதற்கு இதுவும் ஒரு காரணம். அளவிடுபவர் மாறினாலே சில புள்ளிகள் கூடிக் குறையும் என்பதால், 42 என்பது 45 ஆனதைக் கொண்டாடுவது என் கருத்தில் அவசரம். இயன்றவரை ஒரே ஆய்வகத்தில் எடுத்து, சுவரின் எப்பகுதி அசையவில்லை, வால்வில் கசிவு உண்டா என்ற வரிகளையும் ஒப்பிடுங்கள்.

இரத்தத்திலுள்ள பொட்டாசியம் என்ற உப்பும், சிறுநீரகச் செயல்பாட்டைக் காட்டும் கிரியாட்டினினும் இதயத்தைப் பற்றியவை அல்லவெனினும், ராமிப்ரில், ஸ்பைரோனோலாக்டோன் போன்ற மருந்துகளைத் தொடரலாமா என்பதை அவையே தீர்மானிக்கும். எல்.டி.எல். எனும் கெட்ட கொழுப்பை, அதைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை தொடங்கிய நான்கு முதல் எட்டு வாரங்களில் மீண்டும் பார்க்க வேண்டும்.

புதிதாக நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ வந்தால், ஆய்வகத்தில் இரத்தம் கொடுத்துவிட்டு அறிக்கைக்காகக் காத்திராமல் உடனே ஆம்புலன்ஸை அழையுங்கள். முதல் சில மணி நேரத்தில் ட்ரோபோனின் இயல்பாகவே இருக்கக்கூடும்.