பில் போட்ட பணம் வரவில்லையா? வசூலுக்கு உள்ள வழிகள்

ஓசூர் சிப்காட்டைச் சுற்றி லேத் போட்டு ஜாப் ஒர்க் செய்பவர், கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலைகளுக்கு டிரம் சப்ளை செய்பவர், தருமபுரியில் பிரஸ் நடத்துபவர் என்று யாரிடம் பேசினாலும் "அடுத்த வாரம் போட்டுடறேன்ணா" என்றே ஒரு வருடத்தை ஓட்டிய பார்ட்டி ஒருவராவது இருப்பார். ஐம்பதாயிரம், ஒரு லட்சத்துக்கெல்லாம் கோர்ட்டுக்கு அலைய முடியுமா என்று பலர் விட்டுவிடுகிறார்கள். விடாதீர்கள். அது உங்கள் பட்டறை ஆட்களுக்குக் கூலியாகப் போயிருக்க வேண்டிய பணம்.

சின்னத் தொகைக்கென்று தனி கோர்ட் நம் இரண்டு மாவட்டத்திலும் இல்லை. ஆனால் வழி இருக்கிறது, அதற்கு முதலில் காலக்கெடுவைப் பாருங்கள். பாக்கிக்கு வழக்குப் போட 3 வருடம்தான். கடன் தவணை பேசியிருந்தால் அந்தத் தவணை முடிந்த நாளிலிருந்து, பேசவில்லை என்றால் சரக்கு கொடுத்த அல்லது வேலை முடித்த நாளிலிருந்து கணக்கு ஓடும். நீங்கள் போனில் நூறு முறை கேட்டிருந்தாலும் அது நிற்காது. அந்த 3 வருடத்துக்குள் "இவ்வளவு பாக்கி தர வேண்டியுள்ளது" என்று அவர் எழுதிக் கையெழுத்துப் போட்டால், அந்தத் தேதியிலிருந்து புதிதாக 3 வருடம் கிடைக்கும். அதனால் ஒவ்வொரு மார்ச் முடிவிலும் லெட்ஜர் பேலன்ஸுக்கு பார்ட்டியிடம் கையெழுத்தும் சீலும் வாங்கி வையுங்கள். உறவு நன்றாக இருக்கும்போதே கேட்டுவிடுங்கள், சண்டை வந்த பிறகு யாரும் போட மாட்டார்கள்.

ஆர்டர், சரக்கு வாங்கியதாகக் கையெழுத்துள்ள டெலிவரி சலான், பில், ஜிஎஸ்டி தாக்கல், பேங்க் ஸ்டேட்மென்ட் எல்லாவற்றையும் தேதி வரிசையில் ஒரே ஃபைலில் போடுங்கள். வாட்ஸ்அப் பேச்சும் சாட்சிதான், ஆனால் மின்னணு ஆதாரத்துக்கு வேண்டிய சான்றிதழோடு தாக்கல் செய்ய வேண்டும், எனவே போன் மாற்றினாலும் அழித்துவிடாதீர்கள். பிறகு வக்கீல் நோட்டீஸ். தொகை, பில் எண், கெடு மூன்றும் அதில் தெளிவாக இருந்தால் போதும், திட்டி எழுத வேண்டாம். பாதிப் பேர் இந்தக் கட்டத்திலேயே பேச வந்துவிடுவார்கள்.

செக் வாங்கி அது திரும்பியிருந்தால் கதையே வேறு. பேங்க் மெமோ வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ், அது கிடைத்த 15 நாளில் அவர் கட்டவில்லை என்றால் அடுத்த ஒரு மாதத்துக்குள் மாஜிஸ்ட்ரேட் கோர்ட்டில் புகார். பெங்களூரு பார்ட்டியாக இருந்தாலும், உங்கள் கணக்கு ஓசூர் கிளையில் இருந்து அதில் செக்கைப் போட்டிருந்தால் ஓசூரிலேயே வழக்கு நடக்கும். இது பெரிய பலம்.

உத்யம் பதிவு (மத்திய அரசின் சிறுதொழில் பதிவு) உள்ள குறு, சிறு நிறுவனமா? அப்படியானால் கோர்ட்டுக்கு முன், இப்படிப்பட்ட நிறுவனங்களின் பாக்கிப் புகாருக்கு மத்திய அரசு வைத்திருக்கும் இணையதளத்தைப் பாருங்கள். 2006 ஆம் வருட எம்எஸ்எம்இ சட்டப்படி, எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் இழுக்கக் கூடாது, ஒப்பந்தம் இல்லை என்றால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டுவட்டி. இந்தப் புகாரை விசாரிக்கும் கவுன்சிலின் தீர்ப்பை எதிர்த்துப் போக வேண்டுமானால் பாக்கிக்காரர் தீர்ப்புத் தொகையில் 75 சதவீதத்தை முதலில் கட்ட வேண்டும். ஆனால் வாங்கி விற்கும் வியாபாரிகளுக்கு இந்த வழி இல்லை, உற்பத்தியும் சேவையும் செய்பவர்களுக்குத்தான். பதிவு இலவசம், சரக்கு கொடுக்கும் முன்பே செய்திருக்க வேண்டும், பாக்கி விழுந்த பிறகு ஓடிப் போய்ப் பதிந்தால் அதையே எதிர்த்தரப்பு பிடித்துக்கொள்ளும்.

எதிராளி கொஞ்சமாவது பேசக்கூடியவர் என்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் வழக்குக்கு முந்தைய மனு கொடுங்கள். கட்டணம் இல்லை. அவர்கள் நடத்தும் லோக் அதாலத்தில் (மக்கள் நீதிமன்றம்) இருவரும் ஒத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டால் அது கோர்ட் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடும் கிடையாது. வட்டியை விட்டுக்கொடுத்து அசலைத் தவணையில் வாங்குவது பல நேரம் லாபமே. அவர் வரவே மறுத்தால் இதில் ஒன்றும் நடக்காது, அப்போது நேராக முன்சிஃப் கோர்ட்தான். 3 லட்சமும் அதற்கு மேலும் உள்ள வணிகத் தகராறு என்றால், அவசர உத்தரவு கேட்காத வரை, வழக்குக்கு முன் சமரச முயற்சி கட்டாயம்.

தீர்ப்பு வந்த பிறகும் பலர் சும்மா இருந்துவிடுகிறார்கள், இதுதான் எனக்கு மிகவும் வருத்தம். கட்டவில்லை என்றால் நிறைவேற்று மனு போட வேண்டும், அதற்கு 12 வருடம் வரை நேரம் உண்டு. அவருடைய பேங்க் கணக்கையே ஜப்தி செய்யக் கேட்கலாம். அதற்குக் கணக்கு எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டும், முன்பு அவர் கொடுத்த செக்கின் நகலைப் பாருங்கள், எந்த பேங்க், எந்தக் கிளை என்று அதிலேயே இருக்கும்.